காலித் தாழி: கல்யாண் மேற்கை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

குடம், கும்பம், கலசம், மிடா, சால், சட்டி, பானை, தாழி, தொட்டி. பாத்திரத்துக்குப் பேர் வைப்பதில் தமிழன் சளைத்தவன் இல்லை. தண்ணீருக்கு ஒன்று, நெல்லுக்கு ஒன்று, கள்ளுக்கு ஒன்று, தயிர் கடைய ஒன்று, செத்துப்போனவரை உட்கார வைக்க ஒன்று என்று தனித்தனியே கணக்கு வைத்திருந்தான். எதையுமே வைக்காமல் சும்மா இருப்பதற்கென்றே ஒரு பாத்திரம் செய்யலாம் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. ஆகவே அதற்குப் பேரும் இல்லை. இந்தக் குறை இரண்டாயிரம் ஆண்டுகளாக யாருக்கும் உறைக்கவில்லை. மும்பையை அடுத்த கல்யாண் மேற்கில் எங்கள் சொசைட்டி கேட்டின் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட பாத்திரம் ஒவ்வொன்றாக வந்து உட்காரும்வரை எனக்கும் உறைக்கவில்லை.

ஆய்வுப் பொருளை முதலில் விவரிப்பது முறை. சிமெண்ட் வார்ப்பு. உயரம் என் இடுப்புக்குச் சற்று மேலே. வாயை மூட வேண்டுமென்றால் கல்யாண வீட்டுத் தாம்பாளம் வேண்டும். கழுத்து கிடையாது, தொப்பை உண்டு. தொப்பைக்குக் கீழே ஒற்றைக் கால். இரண்டு கைப்பிடிகளும் திராட்சைக் கொடியாக முறுக்கிக்கொண்டு ஏறி, விளிம்பைச் சுற்றிப் படர்கின்றன. தொப்பையின் மேல் தாடி வைத்த முகங்கள், பக்கத்துக்கு இரண்டு. வந்த புதிதில் வெள்ளையாக இருந்தது. மறு தீபாவளிக்கு, மாடிப்படிக் கைப்பிடிக்கு அடித்தது போக மிஞ்சிய பிஸ்தாப் பச்சையைப் பெயிண்டர் இதற்குப் பூசிவிட்டார். வலது தாழியின் விளிம்பில் பான் கறை ஒன்று உண்டு. அதன் காலத்தை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். துப்பியவரை எனக்குத் தெரியும்.

நிறுவியவர் செகரட்டரி. நிறுவியதன் காரணம், எதிர் வரிசையில் எழுந்த புது டவரின் வாசலில் நான்கு நின்றன. ஆய்வுக் காலம் மூன்று ஆண்டு. ஆய்வு முறை, தினமும் காலையில் ரிக்‌ஷாவுக்காகக் கேட்டில் நிற்கும் நேரம் முழுவதும் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பது.

பேரில்தான் முதல் சிக்கல். செகரட்டரி மராட்டியர். மராட்டியில் செடி வைக்கிற தொட்டிக்குக் குண்டி என்று பேர். "நம்ம கேட்டுக்கு அழகான ரெண்டு பெரிய குண்டி வேணும்" என்று அவர் பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தபோது, கட்டடத்தின் தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தரையைப் பார்க்க ஆரம்பித்தன. பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. அதற்கு ஓர் அடி விழுந்தது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. முனிவர் கையில் இருக்கும் கமண்டலத்துக்குத் தமிழில் குண்டிகை என்றுதான் பேர். குண்டம், குண்டிகை, குண்டி எல்லாம் ஒரே குடும்பத்துப் பாத்திரங்கள். நம் ஊர்க் குண்டியும் அந்தக் குடும்பமா என்ற கேள்வியைப் பெண்கள் நிறைந்த சபையில் எழுப்ப வழியில்லாமல் போய்விட்டது. பில்டர்களின் விளம்பரத் தாளில் இதற்கு அர்ன் என்று போடுகிறார்கள். வாட்ச்மேன் கம்லா என்கிறார். நான் தாழி என்று வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு வம்பில் கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணுக்கு இந்த மாதிரி மேல்நாட்டுச் சரக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று செகரட்டரி நினைக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுப் பிசகு அது. கிபி முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிவைத்த 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் கல்லியேனா என்ற துறைமுகம் வருகிறது. அது நம் கல்யாண். மூத்த சரகனஸ் என்பவர் காலத்தில் ஒழுங்காக நடந்த துறைமுகம், சந்தனிஸ் என்பவர் கைக்குப் போனபின் முடங்கிவிட்டதாம். தப்பித் தவறி இங்கே வந்து சேரும் கிரேக்கக் கப்பலைக் காவல் போட்டுப் பாரிகாசாவுக்கு, அதாவது பரூச்சுக்கு, அனுப்பிவிடுவார்களாம். கல்யாண் வரைக்கும் என்று போர்டு போட்ட வண்டி திடீரென்று வேறு ஊருக்குப் போவது இந்த ஊர் சரித்திரத்தில் புதிதல்ல என்பது இதனால் விளங்கும்.

அந்தக் கப்பல்களில் என்ன இருந்தது? பாரிகாசாவுக்குள் இறங்கிய சரக்குப் பட்டியலில் மது முதலில் நிற்கிறது. இத்தாலி மதுவுக்குத்தான் கிராக்கி என்று அதே குறிப்பு சொல்கிறது. மது வந்தது ஆம்போரா என்ற மண் ஜாடியில். இரு காது, நீண்ட கழுத்து, கீழே கூர். அதைத் தரையில் நிறுத்த முடியாது. மணலில் குத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலின் அடித்தட்டில் ஒன்றோடொன்று இடுக்கி அடுக்க வேண்டும். புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த துண்டுகள் இந்த ஜாடிகளுடையவை. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியனுக்கு ஊற்றிக் கொடுக்கும் காட்சி புறநானூற்றிலேயே இருக்கிறது. மது தீர்ந்தபின் ஜாடியை என்ன செய்தார்கள் என்று புலவர் பாடவில்லை. நம் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று யோசித்தால் புலவர் சொல்லாமலே தெரியும்: உள்ளே துவரம்பருப்பு இருந்திருக்கும்.

யவனனுக்கும் இந்தப் பக்கத்துக்கும் இருந்த உறவைப் பார்க்க விரும்புகிறவர்கள் கல்யாணிலிருந்து கர்ஜத் வழியாக லோனாவ்ளா போய், கார்லே குகைக்கு ஏறலாம். மலையைக் குடைந்த அந்தப் பௌத்தக் கூடத்தின் தூண்களில் பெரும்பாலானவை ஒரு பெரிய கல்குடத்துக்குள்ளிருந்து எழும்பி நிற்கின்றன. தூண் கொடுத்த உபயதாரர்களில் யவனர்களும் உண்டு, கல்வெட்டு சொல்கிறது. தூணைக்கூட வெறுமனே தரையில் ஊன்ற நம் சிற்பிக்கு மனசு வரவில்லை. ஒரு குடத்தைச் செதுக்கினான், செதுக்கிய குடம் காலியாக இருக்கக் கூடாதென்று தூணையே அதற்குள் போட்டுவிட்டான். என் கொள்கைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை, ஆனாலும் தருகிறேன்.

காலிப் பாத்திரம் எங்கே பிறந்தது? ரோமானியப் பணக்காரன் தோட்டத்தில். கிரேக்கர்கள் மதுவில் தண்ணீர் கலந்து குடிப்பவர்கள். கலப்பதற்கு அகலவாய்ச் சட்டி ஒன்று வைத்திருந்தார்கள், கிரேட்டர் என்று. அந்தச் சட்டியை ஆள் உயரத்துக்குப் பளிங்கில் செதுக்கிக் கொடுத்தால் ரோமில் நல்ல விலை போகும் என்று ஏதென்ஸ் சிற்பிகள் கிமு முதல் நூற்றாண்டில் கண்டுகொண்டார்கள். பளிங்குச் சட்டியில் எவனும் மது கலக்க மாட்டான். அன்றைக்குத்தான் ஒரு பாத்திரம் முதல்முதலாக வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தோட்டத்தில் காற்று வாங்கப் போனது. அப்படிப்பட்ட ஒன்று 1566-இல் ரோமில் மண்ணுக்கடியில் கிடைத்தது. பொர்கேசே குடும்பத்துக்குப் போய், 1807-இல் நெப்போலியனுக்கு விற்கப்பட்டு, இன்று பாரிஸ் லூவ்ரில் நிற்கிறது. நெப்போலியன் கைக்குப் போவதற்கு முன்பே அதன் நகல்கள் வெர்சாய் தோட்டத்தில் ஏறிவிட்டன. மன்னன் வைத்தால் மந்திரி வைப்பான், மந்திரி வைத்தால் மளிகைக்காரன் வைப்பான் என்ற உலக நியதிப்படி காரியம் அங்கிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.

எங்கள் கேட்டில் இருப்பது பொர்கேசே வகை அல்ல. கொடிக் கைப்பிடியையும் தாடி முகங்களையும் வைத்து, வார்விக் வகை என்று தீர்மானித்திருக்கிறேன். அதன் மூலம் 1771-இல் ரோமுக்கு அருகே திவோலியில், ஹேட்ரியன் பேரரசரின் மாளிகை வளாகத்துச் சேற்றில் துண்டு துண்டாகக் கிடைத்தது. சர் வில்லியம் ஹாமில்டன் என்ற ஆங்கிலத் தூதர் ஒட்டவைத்தார். அவர் மருமான் வார்விக் பிரபுவின் கோட்டைக்குப் போனது. இப்போது கிளாஸ்கோவில் பர்ரல் காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து உலகம் முழுக்க வெள்ளியிலும் வெண்கலத்திலும் இரும்பிலும் வார்த்தார்கள். ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் ஆண்கள் கோப்பையும் அதன் சாயல்தான். ஜோகோவிச் அதைப் பத்து முறை தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். எங்கள் தாழியை நகர்த்த நாலு ஆள் வேண்டும்.

அந்தத் தாடி முகங்கள் யாருடையவை என்பதில் எங்கள் கட்டடத்தில் கருத்து வேறுபாடு உண்டு. மூன்றாம் மாடி மாமி பார்த்த மாத்திரத்தில் அகஸ்தியர் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தாடி இருக்கிறது, குடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறது. குடமுனி என்று வேறு யாரைச் சொல்வது? வெள்ளிக்கிழமை தோறும் இடது தாழியின் முகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார். உண்மையில் அவர்கள் பாக்கஸ் என்ற மது தேவனின் பரிவாரம். குடித்துவிட்டுக் கும்மாளமிடுவதைத் தவிர வேறு தொழில் இல்லாதவர்கள். இதை மாமியிடம் சொல்லும் துணிவு எனக்கு மூன்று ஆண்டாக வரவில்லை. ஆய்வாளனுக்கு நேர்மை முக்கியம்தான்; அதே மாமி வீட்டிலிருந்துதான் எனக்கு வாரம் ஒருமுறை மோர்க்குழம்பு வருகிறது.

பளிங்கு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. 1769-இல் லண்டன் லாம்பெத்தில் எலனர் கோட் என்ற பெண்மணி ஒரு தொழிற்சாலையை எடுத்து, கல்லைப் போலவே தோன்றும் சுட்ட மண்ணில் தாழிகளை அச்சில் வார்த்து விற்றார். ஒரே அச்சில் நூறு சீமானுக்குத் தாழி. அந்த வழியில் நடந்து வந்தால் சிமெண்டும் ஃபைபரும் எங்கள் செகரட்டரியும் வருகிறார்கள். இந்தக் காலகட்டத்தைப் பற்றி இன்னும் ஐம்பது பக்கம் எழுதலாம். வேண்டாம்.

ஆனால் தாமஸ் பிரௌன் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நார்ஃபோக் வயலில் நாற்பது, ஐம்பது ஈமத்தாழிகள் கிடைத்ததைப் பார்த்து அந்த ஆங்கில மருத்துவர் 1658-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவை ரோமானியர்களுடையவை என்று அடித்துச் சொன்னார். பின்னால் அவை சாக்சன்களுடையவை என்று ஆயிற்று. புத்தகம் அதனால் கெட்டுவிடவில்லை, இன்றும் படிக்கிறார்கள். என் கவனம் வேறு இடத்தில். அந்தப் புத்தகத்தின் ஒரே அட்டைக்குள் இரண்டு நூல்கள்: முதலாவது தாழியைப் பற்றி, இரண்டாவது தோட்டத்தைப் பற்றி. தாழியும் தோட்டமும் ஒரு பைண்டிங்கில் வந்தது எப்படி என்று ஆங்கில இலக்கியப் பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கேட்டுக்கு வந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் புரிந்திருக்கும்.

இப்போது வம்புக்கு வருகிறேன். தாழி என்ற சொல்லை நான் வாய் திறந்து சொன்னது நாலாம் மாடி அண்ணாச்சி முன்னால். அவருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம்.

"என்ன தம்பி சொன்னீங்க? தாழியா? எங்கூர்ப் பக்கம் தாழின்னா உள்ள ஆள் இருக்கும். கேட்டுல ரெண்ட வச்சுட்டு யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

அவர் சொன்னதில் பிழை கிடையாது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் பரம்பு முழுக்கத் தாழிதான். 1876-இல் ஜெர்மானியர் யாகோர் வந்து தோண்டிச் சிலவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-இல் அலெக்சாண்டர் ரீ வந்து ஆண்டுக்கணக்கில் தோண்டினார். காலை மடக்கி உட்கார வைத்து, பக்கத்தில் சின்னச் சட்டிகள், இரும்பு, வெண்கலம், நெல் வைத்து மூடியிருக்கிறார்கள். புறநானூற்றில் இரண்டு இடத்தில் புலவர் நேராகக் குயவனோடு பேசுகிறார். ஒன்றில், கிள்ளிவளவன் இறந்த சமயம் ஐயூர் முடவனார் குயவனைப் பார்த்து, உலகையே சக்கரமாக்கி மலையையே மண்ணாக்கி வனைந்தால் அல்லவா இவனுக்கேற்ற தாழி கிடைக்கும், உன்னால் ஆகுமா என்று பரிதாபப்படுகிறார். இன்னொன்றில், கணவனை இழந்த ஒருத்தி, எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாகச் செய்துகொடு என்று கேட்கிறாள். அளவு சொல்லி ஆர்டர் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே என்ன போகப்போகிறது என்று தெரியாமல் தமிழ்நாட்டில் யாரும் தாழி வனையவில்லை. அண்ணாச்சி எங்கள் தாழிகளை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கசங்கிய வடாபாவ் காகிதம் மட்டும் கிடந்தது. "ஆள் யாரும் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

மாமியின் ஆட்சேபம் வேறு. அகஸ்தியரில் அவருக்குக் குறை இல்லை. குடம் காலியாக இருப்பதில்தான் குறை.

"நீங்க படிச்சவா, நீங்களே சொல்லுங்கோ. வெளியில கிளம்பறச்சே காலிக் குடம் எதிர்ல வந்தா என்ன அர்த்தம்? இந்தக் கட்டடத்துல இருக்கிற அத்தனை பேரும் தினம் காலம்பற ரெண்டு காலிக் குடத்து மூஞ்சியில முழிச்சுண்டு போறா. லோக்கல் எப்படி நேரத்துக்கு வரும்?"

இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. கல்யாணுக்கு ரயில் வந்தது 1854 மே 1-ஆம் தேதி. மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ஏறத்தாழ 54 கிலோமீட்டர். மாட்டுங்காவில் வாடகை கட்டுப்படியாகாமல் செம்பூர், முலுண்ட், டோம்பிவ்லி என்று வண்டியோடு வண்டியாக நகர்ந்து வந்த தமிழர்கள் இங்கே வேரூன்றியவர்கள். அவர்களுக்குச் சகுனம் என்பது நேர அட்டவணையின் ஒரு பகுதி. ஏழரை மணி ஃபாஸ்ட் தவறிய நாட்களில் காரணம் வேண்டும். இதற்கு முன் பூனை இருந்தது. தாழி வந்தபின் பூனை மீதான புகார்கள் அடியோடு நின்றுவிட்டன. அந்தப் பூனை இடது தாழிக்குள்ளேயே ஒரு மழைக்காலத்தில் மூன்று குட்டி போட்டது. அந்த ஆறு வாரமும் தாழி நிறைந்திருந்தது என்று மாமி கணக்கில் சேர்த்துக்கொண்டார். அந்த நாட்களில் வண்டி நேரத்துக்கு வந்ததா என்று பார்க்க நான் தவறிவிட்டேன். ஆய்வின் மன்னிக்க முடியாத ஓட்டை அது.

ஓட்டை என்றதும் நினைவு வருகிறது. பூனை குடும்பத்தோடு வெளியேறியபின் மாமியின் வற்புறுத்தலால் இரண்டு தாழியிலும் தண்ணீர் ஊற்றி, மேலே செவ்வந்தி மிதக்கவிட்டார்கள். சாஞ்சியிலும் அமராவதியிலும் செதுக்கியிருக்கிற பூரணகும்பம் போலவே இருந்தது. ஒன்பதாம் நாள் மாநகராட்சிக் காய்ச்சல் தடுப்பு ஆட்கள் டார்ச்சோடு வந்தார்கள். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு செகரட்டரியிடம் நீட்டினார்கள். நெளிந்துகொண்டிருந்தது. டெங்குக் கொசு முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காய வையுங்கள் என்றார்கள். நாலு ஆள் சங்கதியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கவிழ்க்க முடியாவிட்டால் அடியில் ஓட்டை போடுவோம் என்று செகரட்டரி டிரில் மெஷினோடு ஆள் கொண்டுவந்தார். தோட்டக்கலைப்படி சரியான முடிவு. அடியில் ஓட்டை போட்ட செடிப்பானைகள் பாம்பேயியில், எரிமலைச் சாம்பலுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. இந்தத் தகவலை நான் உற்சாகமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"குடத்துல ஓட்டை போடுவாளா? எங்க போடுவா, எப்போ போடுவா, தெரியுமோன்னோ? அந்தக் காரியத்தை நம்ம வாசல்ல வெச்சுண்டு பண்ணணுமா?"

அண்ணாச்சியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். கொள்ளிக்குடத்தில் சுற்றுக்கு ஒரு ஓட்டையாக மூன்று போட்டு, கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ்ப் பக்கம் முழுக்க ஒரே அணியானதைச் செகரட்டரி அன்றுதான் முதல்முறை பார்த்தார். டிரில் மெஷின்காரருக்கு இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆக நிலவரம் இப்படி நின்றது. காலியாக விட்டால் அபசகுனம். தண்ணீர் விட்டால் டெங்கு. ஓட்டை போட்டால் மயானம். ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகள் ஒரு பிரச்சினையும் பண்ணாமல் நின்ற பொருள், கல்யாண் மேற்குக்கு வந்து மூன்றே ஆண்டில் இந்த முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டது.

வழி சொன்னது அண்ணாச்சியின் மனைவி. தாழியைத் தொட வேண்டாம். உள்ளே ஒரு மண்தொட்டியை இறக்குவோம், அதற்கு ஓட்டை பிறவியிலேயே இருக்கும், கீழே செங்கல் போட்டு மணல் நிரப்பினால் தண்ணீர் தேங்காது. முளைப்பாரி வளர்த்துப் பழகிய கை, செடிக்கும் மண்ணுக்கும் என்ன வேண்டும் என்று தெரிந்த கை. (ஏதென்ஸ் பெண்களும் அடோனிஸ் விழாவுக்கு உடைந்த சட்டியில் விதை தூவி முளைக்கவைத்து மாடியில் ஏற்றி, வாடியதும் நீரில் விட்டார்கள். நம் பெண்கள் தலையில் சுமந்துபோய் ஆற்றில் கரைக்கிறார்கள். இதை வைத்து இன்னொரு கட்டுரை எழுத எண்ணம்.)

மண்தொட்டி வாங்க தாராவி கும்பார்வாடாவுக்கு நானே போனேன். சையான் ஸ்டேஷனில் இறங்கி 90 அடிச் சாலையைப் பிடித்து நடந்தால் புகை வழி காட்டும். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் 1930-களிலிருந்து இங்கே இருக்கின்றன. முன்னறையில் சக்கரம், பின்னறையில் குடித்தனம், இரண்டு வரிசை வீட்டுக்கு நடுவே பொதுச் சூளை. எரிப்பது பஞ்சுக் கழிவு. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. அகல்விளக்குகள் தெரு முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தன. கால் வைக்க இடம் தேடித்தான் நடக்க வேண்டும்.

வயசான குயவர் ஒருவரிடம், பெரிய தொட்டி ஒன்று, இன்னொரு தொட்டிக்குள் வைக்க, என்றேன். அவர் சக்கரத்தை நிறுத்தவில்லை.

"உள்ளே என்ன வைப்பீங்க?" என்றார் இந்தியில்.

இன்னும் முடிவாகவில்லை என்றேன். இப்போது சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு அது அளவு கேட்கிற கேள்வி. துளசி என்றால் ஒரு ஆழம், ரோஜா என்றால் ஒன்று, கறிவேப்பிலை என்றால் வேர் இறங்க இன்னும் ஒரு முழம். கறிவேப்பிலை என்று வாயில் வந்தது. ஏன் என்று தெரியாது, பசி நேரம். அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, விரல் மடக்கித் தட்டினார். கணீரென்றது. அடுத்ததைத் தட்டினார், கண்ணுக்குக் கீறல் தெரியவில்லை, ஆனால் சத்தம் செத்திருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு முதலாவதைக் கட்டிக் கொடுத்தார்.

தொட்டியோடு ஸ்லோ வண்டியின் லக்கேஜ் டப்பாவில் ஏறினேன். மீன்கூடை, கொத்துமல்லி மூட்டை, நடுவில் நான். "மட்கா எங்கே போகுது?" என்றார் கொத்துமல்லிக்காரர். கல்யாணுக்கு என்றேன். டப்பா முழுக்கச் சிரித்தது. கல்யாண் மட்கா என்றால் இந்தப் பட்டணத்தில் சூதாட்டம் என்று அர்த்தம். 1960-களில் எண் எழுதிய சீட்டுகளை மண்பானைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்ததால் அதற்கு மட்கா என்று பேர். கல்யாண் என்பது எங்கள் ஊர் அல்ல, ஆட்டத்தை நடத்திய கல்யாண்ஜி பகத்தின் பெயர். இந்த வேறுபாட்டை முலுண்ட் வருவதற்குள் விளக்கிவிடலாம் என்று பார்த்தேன். யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை. ஆனால் தொட்டியின் மேல் யாரும் சாயாதபடி கல்யாண் வரை மீன்காரம்மா முழங்கையால் அணை கட்டிக்கொண்டு வந்தார். காலியாக இருக்கிறதே என்று நடுவில் தன் வெற்றிலைப் பையையும் அதற்குள் போட்டு வைத்திருந்தார்.

இடது தாழியில் கறிவேப்பிலை இப்போது என் தோள் உயரம். குடிகாரன் முகத்துக்கு மேலே தழைத்து நிற்கிறது. மாமி வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்கக் கிளையை விலக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் யாரோ இலை பறிக்கிறார்கள். செகரட்டரி விசாரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, இலையைப் பறிக்காதீர்கள் என்று தமிழில் எழுதித் தரச் சொன்னார். மராட்டியிலும் இந்தியிலும் வேண்டாமா என்றேன். அவசியமில்லை என்றார். கட்டடத்தின் முதல் தமிழ் அறிவிப்பு அதுதான். எழுதி மாட்டிய அன்றிரவும் இரண்டு கொத்து போயிருந்தது. ஒன்றுக்கு நான் பொறுப்பு.

வலது தாழியில் துளசியா ஓமவல்லியா என்று போன பொதுக்கூட்டத்தில் முடிவாகவில்லை. ஓட்டு சமமாகப் பிரிந்தது. வாட்ச்மேன் தன் குடையை அதில் நிறுத்தி வைத்திருக்கிறார். மழை ஓய்ந்து ஒரு மாதம் ஆகிறது. எடுக்கச் சொல்லி இதுவரை யாரும் சொல்லவில்லை, மாமி உட்பட.